பயிற்சித் துறைச் சங்கங்களின் உறுப்பினர் சந்தா: எதற்குக் கட்டலாம், எதற்கு வேண்டாம்

கணக்குப் பிரிவில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்ப்பார். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். மென்பொருள் எழுதுபவரின் நிரலைப் பக்கத்து மேசைக்காரர் படித்துக் குறை சொல்வார். நிறுவன ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்சிப் பிரிவில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலான நிறுவனங்களில் அந்தப் பிரிவே ஒருவர், மிஞ்சிப்போனால் மூவர். மனிதவள மேலாளருக்கு வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். துறைத் தலைவருக்கு ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலையிடத்தை விட்டுப் போனார்கள் என்பதுதான் கவலை. வகுப்பு முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். பாடம் சரியாக வடிவமைக்கப்பட்டதா, கற்றது வேலையில் இறங்கியதா என்று கேட்கத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. சமைத்தவரே ருசி பார்த்து, சமைத்தவரே சான்றிதழும் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு இது.

பணியிடக் கற்றல் துறைக்கான தொழில்முறைச் சங்கங்கள் விற்கும் உறுப்பினர் சேவையை இந்தக் குறையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். சங்கத்தின் விளம்பரப் பக்கத்தில் பதினைந்து சலுகைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் உங்கள் வேலையைத் தொழில் தெரிந்த இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்ல வழிசெய்பவை மூன்று நான்குதான். சந்தாவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மற்றவை இலவசமாக வேறு இடங்களிலும் கிடைக்கும்.

எந்தச் சங்கம், யாருக்கு

இத்துறையில் பெரிய பெயர் ஏ.டி.டி. (அசோசியேஷன் ஃபார் டேலன்ட் டெவலப்மென்ட்). அமெரிக்காவில் 1943-ல் பயிற்சி இயக்குநர்களின் சங்கமாகத் தொடங்கி, ஏ.எஸ்.டி.டி. என்ற பெயரில் பல பத்தாண்டுகள் நடந்து, 2014-ல் இப்போதைய பெயருக்கு வந்தது. முழுக்க முழுக்கப் பயிற்சிக்காரர்களின் சங்கம். பிரிட்டனின் சி.ஐ.பி.டி. (சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் பர்சனல் அண்ட் டெவலப்மென்ட்) வேறு வகை. 1913-ல் தொழிலாளர் நல அலுவலர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பயிற்சியாளர்களுக்கென்று தனியாக இருந்த அமைப்பு 1994-ல் அதோடு இணைந்தது. 2000-ல் அரச சாசனம், அதாவது மன்னராட்சியின் முறையான அங்கீகாரம், பெற்றது. அங்கே மனிதவளம்தான் மையம், பயிற்சி அதில் ஒரு பகுதி. ஐ.எஸ்.பி.ஐ. (இன்டர்நேஷனல் சொசைட்டி ஃபார் பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்) 1962-ல் நிரல்வழிக் கற்பித்தலுக்கான (பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டே போகும் முறை) சங்கமாகத் தொடங்கிப் பிறகு 'செயல்திறன் மேம்பாடு' என்று தன் எல்லையை விரித்துக்கொண்டது. இந்தியாவில் ஐ.எஸ்.டி.டி. (இந்தியன் சொசைட்டி ஃபார் டிரெய்னிங் அண்ட் டெவலப்மென்ட்) 1970 முதல் இயங்குகிறது. பயிற்சி மேம்பாட்டில் பட்டயப் படிப்பு நடத்துகிறது, இதழ் வெளியிடுகிறது, ஊர்களில் கிளைகள் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இதேபோல் தேசியச் சங்கங்கள் உண்டு. இப்படிப்பட்ட சங்கங்களுக்குக் குடையாக 1972-ல் ஐ.எஃப்.டி.டி.ஓ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. தனிநபர் அந்தக் கூட்டமைப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. தன் நாட்டுச் சங்கம் அதில் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால் போதும்.

பெயரின் பெருமையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். கேட்க வேண்டியவை மூன்று. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஆளெடுப்பு, ஊதியம், பணி மதிப்பீடு என்று போகிறதா? அப்படியானால் மனிதவளச் சங்கம் பொருந்தும். பாடவடிவமைப்பும் வகுப்பெடுப்பும்தான் முழுநேர வேலை என்றால் தனிப் பயிற்சிச் சங்கம் நல்லது. இரண்டாவது, நீங்கள் நேரில் போகக்கூடிய தூரத்தில் அந்தச் சங்கத்துக்கு உயிருள்ள கிளை இருக்கிறதா? கிளை பட்டியலில் இருப்பது போதாது. கடந்த ஆறு மாதத்தில் எத்தனை கூட்டம் நடந்தது, யார் பேசினார்கள் என்று பாருங்கள். கடைசிக் கூட்டம் ஒன்றரை வருடத்துக்கு முன்பு நடந்திருந்தால் அது பெயர்ப்பலகை மட்டும்தான். மூன்றாவது, நீங்கள் அடுத்து போக நினைக்கும் பதவிக்கான வேலை விளம்பரங்கள் முப்பதை எடுத்துவைத்து, எந்தச் சங்கத்தின் சான்றிதழை எத்தனை விளம்பரம் கேட்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிலும் இல்லையென்றால் சான்றிதழுக்காகச் சேர வேண்டாம். வேறு காரணம் இருந்தால் சேரலாம்.

திறன் வரைபடம்: எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம்

உறுப்பினர் ஆனவுடன் கிடைப்பதில் மிக மதிப்புள்ளது, பெரும்பாலோர் ஒருமுறைகூடத் திறக்காதது, சங்கத்தின் திறன் வரைபடம், அதாவது இத்தொழிலுக்கு வேண்டிய திறன்களின் பட்டியல். ஏ.டி.டி.யின் வரைபடம் மூன்று பெரும் பகுதிகளாக, 23 திறன்களாகப் பிரிந்திருக்கிறது. தனிமனிதத் திறன் ஒன்று, தொழில்திறன் இன்னொன்று, நிறுவனத்தின் மீது விளைவை உண்டாக்கும் திறன் மூன்றாவது. சி.ஐ.பி.டி.யும் 2018-ல் தன் தொழில் வரைபடத்தைப் புதிதாக வெளியிட்டது. இந்த வரைபடங்களின் சாரம் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கிடைக்கும். உறுப்பினருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுயமதிப்பீட்டுக் கருவியும், அதன் முடிவோடு இணைத்த பாடங்களும்.

இதைப் பயன்படுத்தும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் 23-க்கும் மதிப்பெண் போடாதீர்கள். உங்கள் பணி விவரத்தில் வரும் எட்டோ பத்தோ திறன்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு மதிப்பெண் போடுவதோடு, அந்த மதிப்பெண்ணுக்கு ஆதாரமாகக் கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் செய்த ஒரு பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள்: ஒரு பாடத்திட்டம், ஒரு தேவை ஆய்வு அறிக்கை, ஒரு மதிப்பீட்டுத் தாள். ஆதாரம் இல்லாத இடத்தில் நான்கு போட்டிருந்தால் அதை இரண்டாக்குங்கள். இப்படிச் செய்ததும் பெரும்பாலான பயிற்சியாளர்களின் தாளில் ஒரே சித்திரம்தான் தெரியும்: வகுப்பெடுப்பதில் நான்கு, ஐந்து, விளைவை அளப்பதில் ஒன்று, இரண்டு. மேடையில் நிற்கும் வேலைக்குக் கைதட்டல் உண்டு, அளக்கும் வேலைக்குக் கிடையாது. அதனால் எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள்.

பிறகு இரண்டே இரண்டு இடைவெளிகளைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டின் வெபினார், கட்டுரை, கிளைக்கூட்டம் எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள் அடக்குங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, வந்த அழைப்பையெல்லாம் ஏற்று, ஒரு வாரம் செயற்கை நுண்ணறிவு, மறுவாரம் தலைமைப் பண்பு, அதற்கடுத்து விளையாட்டுவழிக் கற்றல் என்று தாவுவது. ஆண்டு முடிவில் இருபது வருகைச் சான்று சேர்ந்திருக்கும். வேலையில் ஒரு மாற்றமும் இருக்காது.

நூலகத்தைச் சோதிக்கும் வழி

எல்லாச் சங்கமும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள், நூற்றுக்கணக்கான பதிவுசெய்த வெபினார்கள் என்று விளம்பரம் செய்யும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்வதற்கு முன்பு தேடல் பெட்டியில் இரண்டு சொற்களைப் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, 'கற்றல் பாணிகள்'. ஒருவர் கண்ணால் கற்பவர், இன்னொருவர் காதால் கற்பவர், அதற்கேற்பப் பாடத்தை மாற்றினால் நன்றாகக் கற்பார் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் பேஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் அதையே உண்மையென்று போதிக்கும் வெபினாரை ஒரு சங்கம் தன் பெயரில் நடத்தினால், அங்கே உள்ளடக்கத்தைச் சரிபார்க்க ஆள் இல்லை என்று பொருள். இரண்டாவது, 'படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், செய்வதில் 90 சதவீதம் நினைவிருக்கும்' என்ற பிரமிடு படம். கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் அனுபவக் கூம்பு ஒன்றை வரைந்தது உண்மை. அதில் சதவீதம் எதுவும் இல்லை. எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தார்கள். அந்தப் படத்தை ஆதாரமாகக் காட்டும் சங்கத்தை நம்பிப் பணம் கட்டுவது கஷ்டம். இவை இரண்டும் பொய் என்று விளக்கும் கட்டுரை நூலகத்தில் இருந்தால் அது நல்ல அடையாளம்.

வார்ப்புருக்கள் பற்றி ஒரு சொல். தேவை ஆய்வுக் கேள்விப் பட்டியல், கதைப்பலகைத் தாள் (பாடத்தின் ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்று காட்டுவது), பயிற்சி வழிகாட்டிக் கையேட்டின் சட்டகம், மதிப்பீட்டுத் திட்டம் ஆகியவை புதிதாக இத்துறைக்கு வந்தவருக்கு உண்மையிலேயே வாரக்கணக்கில் நேரம் மிச்சம் பிடிக்கும். ஐந்தாறு ஆண்டு ஆனவருக்குத் தேவைப்படாது. அவரிடம் சொந்தமாகவே இருக்கும். இணையத்தில் பலவும் இலவசம். அதற்காக மட்டும் சந்தா கட்டுவது வீண்.

இதழ்களை மட்டமாக நினைக்கக் கூடாது. பயிற்சி மதிப்பீட்டில் இன்று எல்லோரும் சொல்லும் நான்கு நிலைகள் (வந்தவர்களின் எதிர்வினை, கற்றது, நடத்தை மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு) டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லும் 1960-லும் எழுதிய நான்கு கட்டுரைகளில் வந்தவை. அவை வெளியானது பயிற்சி இயக்குநர்களின் அந்த அமெரிக்கச் சங்கத்தின் இதழில்தான். தொழில் செய்பவர் தொழில் செய்பவர்களுக்கு எழுதிய கட்டுரைகள் அவை. சங்க இதழில் இன்றும் தேடிப் படிக்க வேண்டியது அந்த வகைதான்: ஒரு நிறுவனத்தில் என்ன செய்தார்கள், எது நடக்கவில்லை, எப்படி அளந்தார்கள். 'எதிர்காலத்தின் ஐந்து போக்குகள்' போன்ற தலைப்புகளைத் தாராளமாகப் புரட்டிவிட்டுப் போகலாம்.

கிளைக்கூட்டமும் வேலையைக் காட்டுவதும்

இதுதான் சந்தாவின் இதயம். மாதத்துக்கு ஒருமுறையோ இரு மாதத்துக்கு ஒருமுறையோ நடக்கும் கிளைக்கூட்டத்தில் பேச்சாளர் பேசும் நேரம் ஒரு மணி என்றால், பயன் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் தேநீர் நேரத்தில்தான் கிடைக்கும். பல கிளைகளில் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்கள் தனியாக இணையவழியிலும் கூடுகின்றன. கிளையில் அப்படி ஒன்று இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். ஒத்த வேலை செய்யும் நான்கு பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் எல்லோர் வேலையையும் பார்க்க நேரம் இருக்காது.

எதைக் கொண்டுபோக வேண்டும்? முழுப் பாடத்தை அல்ல. நூறு ஸ்லைடைக் காட்டினால் எழுத்துரு அளவைப் பற்றித்தான் கருத்து வரும். ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: வேலையிடத்தில் இப்போது என்ன தவறு நடக்கிறது, அதற்குப் பதில் என்ன நடக்க வேண்டும், பாடத்தின் நோக்கங்கள், கற்றதை எப்படிச் சோதிப்பீர்கள். இதோடு ஒரு செயற்பாட்டையோ பத்து வினாக்களையோ இணையுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் கேள்வி மட்டும். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் பேச, வேலையைக் கொண்டுவந்தவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் பதில். வாய் திறக்காமல் இருக்கும் விதியைத் தளர்த்தினால், கொண்டுவந்தவர் தன் வேலைக்கு வக்கீலாக மாறிவிடுவார். பிறகு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக் காட்டும்போது திரும்பத் திரும்ப வெளிப்படும் குறைகள் சில உண்டு. 'புரிந்துகொள்வார்கள்', 'அறிந்திருப்பார்கள்' என்று முடியும் நோக்கங்கள். இவற்றை யாராலும் சோதிக்க முடியாது. என்ன செய்வார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக என்ற மூன்றும் இருந்தால்தான் நோக்கம். பலவிடை வினாக்களில் சரியான விடையே எப்போதும் நீளமாக இருப்பது இன்னொன்று. எழுதியவர் அதைக் கவனித்துத் திருத்தியிருப்பார் என்று நினைப்போம். ஆனால் தன் வினாவில் தனக்கு இது தெரியவே தெரியாது. 'மேற்கண்ட அனைத்தும்' என்பதையே விடையாக வைக்கும் பழக்கமும் அப்படித்தான்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று: அது பயிற்சியால் தீரும் பிரச்சினையே அல்ல என்று இன்னொருவர் சொல்வது. ஐ.எஸ்.பி.ஐ. வட்டாரத்தில் வேலைத்திறனை ஆராய்ந்த தாமஸ் கில்பர்ட்டின் ஆறு கட்டங்களை வைத்து இதைப் பேசுவார்கள். சூழலின் பக்கம் தகவல், கருவிகள், ஊக்கத்தொகை. மனிதரின் பக்கம் அறிவு, ஆற்றல், விருப்பம். ஆறில் பயிற்சி தொடுவது அறிவு என்ற ஒரே கட்டத்தை. பில் போடுபவர்கள் தப்புத் தப்பாகப் போடுகிறார்கள் என்றால், திரையில் இரண்டு பொத்தான்கள் ஒட்டிக்கொண்டிருப்பது காரணமாக இருக்கலாம். விரைவாகப் போட்டால் பரிசு, சரியாகப் போட்டால் ஒன்றுமில்லை என்ற விதி காரணமாக இருக்கலாம். இரண்டு நாள் வகுப்பு நடத்தி இதைத் தீர்க்க முடியாது. தன் நிறுவனத்துக்குள் இதைச் சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு எளிதில் வராது. வகுப்பு நடத்துவதுதானே அவர் வேலை என்று நினைப்பார்கள். வெளியே இருக்கும் ஐந்து பேர் ஒரே குரலில் கேட்டால், உள்ளே போய்ப் பேச ஒரு பிடிமானம் கிடைக்கும்.

தொழில்நுட்பச் சிக்கலுக்கும் இந்த வட்டம் உதவும். மின்பாடத்தைக் கடைசி வரை முடித்துவிட்டார், எல்.எம்.எஸ். (பாடங்களை வழங்கி, யார் முடித்தார் என்று பதிவுசெய்யும் மென்பொருள்) மட்டும் 'முடியவில்லை' என்று காட்டுகிறது என்பது இத்துறையின் தீராத புகார். விற்பனையாளரின் உதவி மேசை ஒரு வாரம் இழுக்கும். அனுபவமுள்ள ஒருவர் முதலில் கேட்பது, ஸ்கார்ம் (மின்பாடமும் எல்.எம்.எஸ்.ஸும் தகவல் பரிமாறிக்கொள்ளும் தரமுறை) 1.2-ஆ, 2004-ஆ? 1.2-ல் இடைநிலையைச் சேமித்துவைக்கும் இடம் 4,096 எழுத்துக்குறிகள்தான். பிரிந்து செல்லும் பாதைகள் அதிகமுள்ள நீண்ட பாடம் அதைத் தாண்டினால் பாதியில் விட்ட இடம் மறந்துபோகும். அதே 1.2-ல் 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டுக்கும் ஒரே புலம்தான். பாடம் ஒன்றை அனுப்ப, எல்.எம்.எஸ். இன்னொன்றை எதிர்பார்த்தால் அறிக்கை கலங்கும். அடுத்த கேள்வி, வெளியேறும் பொத்தானை அழுத்தினாரா அல்லது சாளரத்தை நேராக மூடிவிட்டாரா என்பது. இந்தக் கேள்விகளிலேயே பல வழக்குகள் முடிந்துபோகும்.

இதில் தவறக்கூடியவை

முதல் ஆபத்து ரகசியம். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் விவரம், விபத்து எண்ணிக்கை, விற்பனைத் தொகை எதுவும் அந்த ஒரு பக்கத் தாளில் இருக்கக் கூடாது. பெயர்களை மாற்றுவது போதாது. 'நகரின் ஒரே விமான உதிரிபாகத் தொழிற்சாலை' என்று எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பாடப்பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எதைக் காட்டலாம் என்று மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் ஆலோசகர்களும் மென்பொருள் விற்பவர்களுமாக இருப்பது. அவர்கள் தேடுவது வாடிக்கையாளரை. அது குற்றமல்ல, அவர்கள் பிழைப்பு அது. கிளை அதை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல கிளையில் பேச்சாளர் தன் பொருளை மேடையில் விற்கக் கூடாது என்ற எழுதிய விதி இருக்கும், நிர்வாகக் குழுவில் நிறுவனங்களுக்குள் வேலை செய்பவர்களும் இருப்பார்கள். முதல் இரண்டு கூட்டத்தில் வந்த பேச்சு எல்லாமே ஒரு கருவியின் செயல்விளக்கமாக முடிந்தால், அங்கே மூன்றாவது முறை போக வேண்டாம்.

சான்றிதழ்கள்

சங்கத்தில் சேருவது வேறு, சான்றிதழ் வாங்குவது வேறு. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏ.டி.டி.யில் இரண்டு படி உண்டு. ஏ.பி.டி.டி. என்ற முதல் படித் தேர்வை எழுத மூன்று ஆண்டு அனுபவமும், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் 28 மணி நேரத் தொழில் கற்றலும் தேவை. சி.பி.டி.டி. என்ற மேல்படிக்கு ஐந்து ஆண்டு அனுபவமும் 60 மணி நேரமும். உறுப்பினர் ஆகாமலும் இந்தத் தேர்வுகளை எழுதலாம். உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு. ஆகவே தேர்வு எழுதும் ஆண்டில் மட்டும் சேர்வது லாபமா என்று இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சி.ஐ.பி.டி.யில் கதை வேறு: பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் உறுப்பினர் நிலையோடு ஒட்டியவை. சந்தா நின்றால் எழுத்துகளும் போகும். படித்து வாங்கிய தகுதி உங்களுடையதாகவே இருக்கும். சாசன உறுப்பினர் என்று போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் போய்விடும்.

சான்றிதழில் ஆட்கள் வழுக்கி விழும் இடம் தேர்வு அல்ல, அதற்குப் பிறகான மறுசான்று. ஏ.டி.டி. சான்றிதழ்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மேல்படிக்கு 60 புள்ளி, முதல்படிக்கு 40. மூன்று ஆண்டு என்றால் நிறைய நேரம் என்று தோன்றும். இரண்டரை ஆண்டு கழித்து உட்கார்ந்தால், போன வெபினாரின் வருகைச் சான்று எங்கே, கிளையில் பேசிய தேதி என்ன என்று எதுவும் நினைவிருக்காது. முதல் நாளே ஒரு விரிதாள் தொடங்குங்கள்: தேதி, நிகழ்ச்சி, நடத்தியவர், மணி நேரம், எந்தத் திறனின் கீழ் வரும், ஆதாரக் கோப்பின் பெயர் என்று ஆறு பத்தி. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த அன்றே ஒரு வரி. தேர்வுக்குக் காட்ட வேண்டிய மணிகளும் இதிலிருந்தே எடுக்கலாம். சங்கத்தின் தளத்திலேயே பதிவேடு இருந்தாலும் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் ஊதியத்தை உயர்த்துமா? அது உங்கள் நிறுவனத்தின் பதவி விதிகளைப் பொறுத்தது. தேர்வுக்குக் கட்டும் முன் மனிதவளப் பிரிவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழ் எந்தப் பதவியின் தகுதி விவரத்தில் எழுத்தில் இருக்கிறது? 'நல்லதுதான், வாங்குங்கள்' என்ற பதிலுக்குப் பணமதிப்பு இல்லை.

மாநாடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் ஆண்டில் போகாதீர்கள். யாரையும் தெரியாத மாநாட்டில் காட்சிக்கூடத்தில் பைகளும் பேனாக்களும் சேர்த்துக்கொண்டு திரும்புவதுதான் மிஞ்சும். கிளையில் பத்து முகம் பழகிய பிறகு போனால், எந்த அமர்வுக்குப் போக வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருந்தாலும் பெரிய பலன் தரும் சலுகை ஒன்று உண்டு: தன்னார்வப் பணி. கிளையின் நிகழ்ச்சிப் பொறுப்பு, புதிய உறுப்பினர் வரவேற்பு, விருதுக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழு ஆகியவற்றில் கடைசியானது மிக நல்லது. விருது விண்ணப்பங்களில் பல நிறுவனங்கள் தங்கள் பயிற்சித் திட்டத்தை, அளவீட்டோடு, முழுசாக எழுதித் தருகின்றன. அவற்றைப் படித்து மதிப்பிடுபவர் ஒரு மாதத்தில் கற்பது ஒரு வருட வெபினாரில் கிடைக்காது. அங்கும் ரகசிய ஒப்பந்தம் உண்டு, அதை மதிக்க வேண்டும். ஆனால் நிகழ்ச்சிப் பொறுப்பை எடுக்கும்போது மணி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபம் பிடிப்பது, பேச்சாளரைத் துரத்துவது, கட்டணம் வசூலிப்பது எல்லாம் ஒருவர் தலையில் விழும் கிளைகள் ஏராளம்.

பணத்தை யார் கட்டுவது

நிறுவனம் கட்டினால் நல்லது. கேட்கும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 'தொழில் வளர்ச்சிக்காக' என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். ஒரு பக்கக் குறிப்பில், இந்த ஆண்டு நிறுவனம் ஏற்கெனவே செய்யப்போகும் ஒரு திட்டத்தோடு சந்தாவை இணையுங்கள்: புதிய எல்.எம்.எஸ். வாங்கப் போகிறீர்கள் என்றால், அதை ஏற்கெனவே பயன்படுத்தும் மூன்று நிறுவனங்களின் பயிற்சிப் பொறுப்பாளர்களிடம் நேரடியாகக் கேட்டு அறிக்கை தருவதாக எழுதுங்கள், தேதியோடு. வாக்குறுதி எழுத்தில் இருந்தால் நீங்களும் சங்கத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டியிருக்கும்.

குழு உறுப்பினர் திட்டங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. இடம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் வேலை மாறினால் இடம் அங்கேயே நின்றுவிடும். சில சங்கங்களில் உங்கள் பதிவேடும் சேர்ந்து மறைந்துவிடும். தனி உறுப்பினர் என்றாலும் அலுவலக மின்னஞ்சலில் பதிவுசெய்தவர்களுக்கு இதே கதிதான். வேலையை விட்ட நாள் முதல் கடவுச்சொல்லை மீட்கக்கூட வழியிருக்காது. ஆகவே சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைபேசி எண். தேசியச் சங்கமும் உள்ளூர்க் கிளையும் தனித்தனிச் சந்தா கேட்கும் இடங்களும் உண்டு. சங்கத்துக்குக் கட்டிவிட்டுக் கிளைக்குக் கட்டாமல், ஆறு மாதம் கழித்து ஏன் அழைப்பே வரவில்லை என்று விசாரிப்பவர்கள் நிறைய.

சேர வேண்டாதவர்கள் யார்? ஆண்டில் ஒரு சில நாள் மட்டும் வகுப்பெடுக்கும் துறை வல்லுநர்கள். பக்கத்திலேயே இருபது பேர் கொண்ட பயிற்சிப் பிரிவில், ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துத் திருத்தும் வழக்கம் ஏற்கெனவே உள்ளவர்கள். மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள். மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் குறைந்த சந்தாப் பிரிவு பல இடங்களில் இருக்கிறது. பெரும்பாலான கிளைகள் உறுப்பினர் அல்லாதவரையும் ஓரிரு கூட்டத்துக்கு விருந்தினராக அனுமதிக்கும். அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறிக்கும்போது, அதற்கு 45 நாள் முன்பே ஒரு நினைவூட்டலும் வையுங்கள். பல சங்கங்களில் தானாகப் புதுப்பிக்கும் வசதி, நீங்கள் கவனிக்காமலே சேரும்போது இயக்கப்பட்டிருக்கும். அதை முதல் நாளே அணைத்துவிடலாம். நினைவூட்டல் வந்த அன்று விரிதாளைத் திறந்து மூன்று கேள்வி: இந்த ஆண்டு உங்கள் வேலை ஒன்றையாவது வெளியாள் பார்த்து மாற்றம் சொன்னாரா? சிக்கல் வந்தபோது கூப்பிட்டுக் கேட்கக்கூடிய மூன்று பேர் இந்தச் சங்கத்தால் கிடைத்தார்களா? தேர்ந்தெடுத்த இரண்டு இடைவெளிகளில் ஒன்றாவது ஆதாரத்தோடு குறைந்ததா? இரண்டுக்காவது ஆம் என்றால் கட்டுங்கள். இல்லையென்றால் விடுங்கள். விடுவதாக முடிவு செய்தால், கணக்கு மூடப்படுவதற்குள் வருகைச் சான்றுகள், புள்ளிப் பதிவேடு, சுயமதிப்பீட்டு முடிவு மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்த மறுநாள் அந்தப் பக்கங்கள் திறக்காமல் போகலாம்.